வேரின் அழைப்பு

மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் யாவும் பயிருக்கு உதவுவன அல்ல. தனக்கு வேண்டியவற்றைச் செடி தானே அழைத்துக்கொள்கிறது. இதனை அறிந்து நடப்பின் நம் அங்கத்தினர்களுக்கு உரச்செலவு குறையும்.

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் நிலம் ஐப்பசி மழையை நம்பியது. சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் பட்டாசும் தீப்பெட்டியும் பெருந்தொழில்களாயினும், பருத்தியும் சோளமும் உளுந்தும் பாசிப்பயறும் மானாவாரியில் இன்றும் விளைகின்றன. இவற்றுள் பயறு வகைகளுக்குத் தனிச் சிறப்பு ஒன்றுண்டு. காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாகவுள்ள நைட்ரஜனை, வேர்முடிச்சில் தங்கும் ரைசோபியம் பாக்டீரியாவின் துணையால் அவை தழைச்சத்தாகப் பெறுகின்றன. வேர்முடிச்சுப் பாக்டீரியாவை 1888-ஆம் ஆண்டில் டச்சு விஞ்ஞானி பெய்ஜரிங்க் தனியே பிரித்தெடுத்தார்.

செடி அதனை எவ்வாறு அழைக்கிறது? விதையும் வேரும் பிளேவனாய்டு என்னும் இரசாயனப் பொருள்களை மண்ணில் கசியவிடுகின்றன. குதிரை மசாலில் அவ்வாறு செயற்படும் பொருள் லூட்டியோலின் என்பதை 1986-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். இணக்கமான பாக்டீரியா அதனை உணர்ந்து, மறுமொழியாக வேறொரு பொருளைச் சுரக்கிறது. அதனால் வேர்த்தூவி சுருண்டு, பாக்டீரியா உட்புக வழி உண்டாகிறது. அழைப்பு பயிருக்குப் பயிர் மாறுபடும். ஆதலின் சோயாவுக்குரிய நுண்ணுயிர் உரம் உளுந்துக்கும் உதவுமென எண்ணலாகாது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் முறை எளியது. ஒரு ஹெக்டேருக்கான விதையுடன் 200 கிராம் ரைசோபியம் பொட்டலங்கள் மூன்றினை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி விதைக்கவேண்டும். பூசணக்கொல்லி கலந்த விதையாயின் 24 மணி நேரம் கழித்தே இதனைச் செய்தல் வேண்டும்.

யூரியாவை மிகுதியாக இடுவோர் ஒன்றைக் கருதவேண்டும். மண்ணில் தழைச்சத்து மலிந்திருப்பின் செடி முடிச்சிடுவதைக் குறைத்துக்கொள்ளும். மானாவாரிப் பயறுக்குப் பரிந்துரைக்கப்படும் தழைச்சத்து ஹெக்டேருக்கு 12.5 கிலோ மட்டுமே.

பயன் விளைந்ததா என அறிதலும் எளிதே. பூக்கும் தறுவாயில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, முடிச்சைக் கீறிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாயின் பாக்டீரியா உழைக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருப்பின் உழைப்பில்லை.

பொட்டலத்திலுள்ளவை உயிர்கள். வெயிலில் கிடந்ததும் காலாவதியானதும் காசுக்கு வாங்கிய வெறும் தூளேயாகும். ஆகவே, விதைப்புக்கு முன்பே பயிர்வாரியாகத் தேவையைக் கணக்கிட்டு, புதிய பொட்டலங்களைத் தருவித்து, நிழலில் வைத்து வழங்குதல் சங்கங்களின் கடமை. பயிரின் பெயரையும் காலாவதி நாளையும் பார்த்து வாங்குதல் அங்கத்தினரின் கடமை.