கல்லாப் பெட்டி – 12: ஒரே சூளை, மூன்று வரி

விருத்தாசலம் – உளுந்தூர்பேட்டை சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். இந்த வட்டாரத்தில் சின்னதாகச் சூளை போட்டிருக்கும் ஒருவர் பீங்கான் கொலு பொம்மை, மின்கம்பிக்கான பீங்கான் இன்சுலேட்டர், கார்த்திகைக்கு மண் அகல் என்று மூன்று சரக்கும் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நெருப்பு ஒன்றுதான், வரிதான் மூன்று.

பொம்மைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். இன்சுலேட்டருக்கு 18. மண் அகலுக்கு வரியே இல்லை. பொம்மை வரி 12-லிருந்து 5-க்கு இறங்கியது 2025 செப்டம்பர் 22-ல். வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷ நவராத்திரி தொடங்கியதும் அன்றுதான். கொலு சரக்கு மொத்த வியாபாரிக்கு அதற்கு முன்பே போயிருக்குமே! அதற்கெல்லாம் 12 சதவீதத்தில்தான் பில் போட்டாக வேண்டியிருந்தது.

கணக்குக்கு வருவோம். மூன்று மாதத்தில், வரி சேர்க்காமல், பொம்மை 4 லட்சம், இன்சுலேட்டர் 2 லட்சம், அகல் 2 லட்சம் ரூபாய்க்கு விற்றிருக்கிறது. பொம்மைக்கு வரி 20,000, இன்சுலேட்டருக்கு 36,000, ஆக 56,000. மண், கிளேஸ், அட்டைப்பெட்டி வாங்கும்போது இவர் கட்டிய வரி 24,000. அதை அப்படியே கழித்து 32,000 கட்டினால் போதும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அங்கேதான் இடிக்கும். மொத்த விற்பனையில் கால் பங்கு வரியில்லாத அகல். வாங்கிய சரக்கு மூன்றுக்கும் பொதுவானது என்றால், இன்புட்டிலும், அதாவது வாங்கும்போது கட்டிய வரியிலும், கால் பங்கை, 6,000 ரூபாயை, விட்டுக்கொடுக்க வேண்டும். கழிக்கக் கிடைப்பது 18,000. கட்ட வேண்டியது 38,000. சூளைக்கு டீசல் போட்டிருந்தால் அந்த பில் இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. டீசல் ஜிஎஸ்டியில் இல்லை.

“இந்தத் தலைவலி எதற்கு, சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்துக்குப் போய்விடலாமே?” என்பார்கள். வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி வரை விற்பவர் போகலாம். உற்பத்தியாளருக்கு விற்பனையில் 1 சதவீதம், அதாவது 8,000 ரூபாய். ஆனால் கடைக்காரருக்கு வரியில்லாத சரக்கு இந்த 1 சதவீதத்தில் சேராது; உற்பத்தியாளருக்குச் சேரும். அகலுக்கும் கட்டியாக வேண்டும். அந்த 8,000-ஐ வாங்குபவரிடம் வரியாகக் கேட்க முடியாது, கைக்காசுதான். இன்புட்டும் கிடையாது. இன்சுலேட்டர் வாங்கும் கம்பெனிக்கும் இவர் பில்லில் இன்புட் கிடைக்காது. அது வேறு சூளையைப் பார்க்கப் போய்விடலாம்.

இன்னொரு சிக்கல் புதுச்சேரி. காம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பக் கூடாது. கடலூரைத் தாண்டினால் வந்துவிடும் புதுச்சேரியும் சட்டப்படி வெளிமாநிலம் மாதிரிதான். சென்னைக்கு அனுப்பலாம், பக்கத்தில் இருக்கும் பாண்டிக்கு அனுப்பக் கூடாது!

1939-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் விற்பனை வரி கொண்டுவந்த நாளிலிருந்து சட்டத்தின் பெயர் எத்தனையோ தடவை மாறிவிட்டது. சரக்கு வாரியாக நோட்டு எழுதும் வேலை மாறவில்லை. அக்கம்பக்கத்தில் நேராக வீட்டுக்கு விற்பவருக்குக் காம்போசிஷன் லாபம். கம்பெனிக்கும் பாண்டிக்கும் விற்பவருக்கு அது வேண்டாம். காம்போசிஷனுக்கு மாற நினைத்தால் வருஷ நடுவில் முடியாது. மார்ச் 31-க்குள் இணையதளத்தில் சிஎம்பி-02 படிவத்தைப் போட்டுவிடுங்கள்.