மதயானையின் வரவு செலவு

முதலில் ரத்தக் கணக்கைப் பார்ப்போம். இலங்கையில் வளர்ப்பு ஆண் யானைகளின் ரத்தத்தை எடுத்து டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவைச் சோதித்த ஆய்வு ஒன்று 1972-இல் வெளியானது. ஜைனுதீன் என்ற கால்நடை விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு அது. யானை இயல்பாக இருக்கும் மாதங்களில் ஒரு மில்லி லிட்டருக்கு 0.2 முதல் 1.4 நானோகிராம். மதம் முற்றியிருக்கும்போது 29.6 முதல் 65.4. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம். வளர்ந்த மனித ஆணுக்கு இந்த அளவு சுமார் 3 முதல் 10 வரை இருக்கும். நான்கைந்து டன் எடையுள்ள கொம்பன் வருடத்தின் பெரும்பகுதி நம்மைவிடக் குறைந்த ஹார்மோனோடு அமைதியாக மேய்கிறது. மதம் முற்றியதும் அதே உடம்பில் அது குறைந்தது 20 மடங்காகிவிடுகிறது.

வெளியே தெரிவதை எந்தப் பாகனும் சொல்வார். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னம் புடைக்கும். அங்குள்ள சிறு துவாரம் முதலில் ஈரமாகும். பிறகு கறுத்த, பிசுபிசுப்பான மதநீர் கோடாக இறங்கி வாயோரம் வரை வரும். சிறுநீர் சொட்டிச் சொட்டிப் பின்னங்கால்களின் உட்புறம் எப்போதும் நனைந்தே இருக்கும். வைத்த தீனி அப்படியே கிடக்கும். இருபது வருடம் குளிப்பாட்டிய பாகனையும் அந்தச் சமயம் கிட்டே விடாது.

வயதுக்கேற்ப மதநீரின் மணமும் மாறுகிறது. இளம் ஆண்களுக்கு வருவது தேன் மணம், முதிர்ந்தவற்றுக்கு வருவது கடும் நாற்றம் என்று 2002-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு ரசாயனச் சோதனையோடு நிறுவியது. அதை எழுதிய மூவரில் ஒருவர் தமிழ்நாட்டு வனத்துறையின் யானை மருத்துவராக இருந்த வி. கிருஷ்ணமூர்த்தி. மதநீரில் வண்டு மொய்ப்பதாகப் பழந்தமிழ்ப் புலவர்கள் பாடியது வெறும் கற்பனை இல்லை என்று எனக்கு உறுதிப்பட்டது இதைப் படித்தபோதுதான். தேன் மணம் வீசும் இளசு தனக்குப் போட்டி இல்லை என்று பெரிய கொம்பனுக்குத் தெரிந்துவிடுகிறது. சண்டை மிச்சமாகிறது.

இனி செலவு. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். அதற்காகவே தினமும் பல மணி நேரம் மேய்கிறது. மதக்காலத்தில் அந்த நேரத்தை நடைக்கும் தேடலுக்கும் சண்டைக்கும் கொடுக்கிறது. வாரக்கணக்கில் இப்படியே போனால் உடம்பு இளைக்கும். ஆகவே நன்றாகத் தேறிய யானைக்கே மதம் நீடித்து நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்டுதான் வளர்ப்பு யானைகளுக்குத் தீனியைக் குறைத்து மதத்தைத் தணிக்கும் வழக்கம் வந்தது. பட்டினி போட்டு, சங்கிலியில் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்திவைப்பதைப் பராமரிப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

இவ்வளவு செலவும் எதற்காக? பெண் யானையின் கணக்கைப் பார்த்தால் புரியும். சினைக்காலம் ஏறத்தாழ 22 மாதம். இரண்டு ஈற்றுக்கு நடுவே பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகள். சினை பிடிக்காத காலத்தில் சுழற்சி சுமார் 16 வாரத்துக்கு ஒரு முறை. அதிலும் கருத்தரிக்கக்கூடியவை ஒரு சில நாட்களே. அந்த நாட்களில் அவளருகே இருப்பதற்காகத்தான் ஆண் காடு காடாக நடக்கிறது. மழை பெய்து தீனி பெருகினால் பெண்கள் உடம்பு தேறிப் பருவத்துக்கு வருவதும் கூடும். அந்த மாதங்களைப் பெரிய ஆண்கள் பிடித்துக்கொள்கின்றன. இளசுகளுக்கு மதம் வந்தாலும் சில நாட்கள், சில வாரங்கள்தான். பெரிய மதயானை ஒன்று எதிரே வந்து நின்றாலே இளசின் மதம் அடங்கிவிடும்.

அந்தப் பெரியவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பெர்க் காட்டில் கணக்கு இருக்கிறது. அந்நாட்டின் குரூகர் தேசியப் பூங்காவில் யானைகளைச் சுட்டுக் குறைத்தபோது தப்பிய அநாதைக் குட்டிகளை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். மூத்த ஆண் ஒன்றுகூட இல்லாமல் அவை வளர்ந்தன. சாதாரணமாக 25 வயதுக்கு மேல் வரவேண்டிய மதம் 18 வயதிலேயே வந்தது. சிலவற்றுக்கு மாதக்கணக்கில் நீடித்தது. 1992-க்கும் 1997-க்கும் இடையே இந்த இளம் ஆண்கள் 40-க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. ஒரு காண்டாமிருகக் குட்டி பிறக்கவே 16 மாதம் ஆகும். 1998-இல் குரூகரிலிருந்து 6 மூத்த ஆண் யானைகள் கொண்டுவரப்பட்டன. இளசுகளின் மதக்காலம் சுருங்கியது. கொலை நின்றது.

நம் பக்கத்துக் காடுகளில் மூத்த ஆண்கள் குறைந்தது தந்தத்தால்தான். கேரளத்தின் பெரியாற்றில் வேட்டை உச்சத்தைத் தொட்டபின் எடுத்த கணக்கில், வளர்ந்த ஆண் ஒன்றுக்கு வளர்ந்த பெண்கள் ஏறத்தாழ 100 என்ற நிலை இருந்தது. முப்பது நாற்பது வயது கொம்பனைச் சுட்டுவிட்டால், அந்த வயதுக்கு இன்னொன்று வர அதே முப்பது நாற்பது வருடம் வேண்டும். வேறு குறுக்குவழி கிடையாது.

தமிழ்நாட்டில் 2023-இல் 2,961 யானைகள், 2024-இல் 3,063 என்று கணக்கெடுப்பு சொன்னது. மகிழ்ச்சியான செய்திதான். அடுத்த கணக்கெடுப்பு வரும்போது மொத்த எண்ணோடு நின்றுவிடாதீர்கள். வளர்ந்த ஆண்கள் எத்தனை என்ற வரியையும் தேடிப் படியுங்கள். அந்த எண் குறைந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.