டேட்டா சயின்ஸும் வயலின் ஓரமும்

டேட்டா சயின்ஸ் என்று சொன்னாலே புள்ளியியல் படித்தவர்களில் பலர் முகம் சுளிப்பார்கள். "நாங்க காலங்காலமா செய்யுற வேலைக்குப் புதுசா ஒரு போர்டு மாட்டியிருக்காங்க" என்பதுதான் அவர்களுடைய குறை. ஐ.டி. ஆட்கள் நாம் இதைப் பொறாமை என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்தச் சந்தேகத்தில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று பெயர், மற்றது பிழை. முதலாவதை விட்டுவிடலாம். இரண்டாவதை விடவே கூடாது.

பெயர் விஷயத்தில் புள்ளியியல்காரர்களுக்கு வாதம் பலமாக இல்லை. 1997 நவம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் வூ என்ற புள்ளியியல் பேராசிரியர் "புள்ளியியல் = டேட்டா சயின்ஸ்?" என்ற தலைப்பில் பேசினார். நம் துறையின் பெயரையே மாற்றிவிடலாம் என்றார். அடுத்த வருஷம் மகலனோபிஸ் நினைவுச் சொற்பொழிவிலும் அதே உரையை நிகழ்த்தினார். அப்போது துறை அசையவில்லை. 2001-ல் லியோ பிரைமன், பெரும்பாலான புள்ளியியலாளர்கள் ஒரே மாதிரியான மாடல்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள் என்று வீட்டுக்குள்ளிருந்தே சாடினார். பெயரை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2012-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ அதை இந்த நூற்றாண்டின் மிகக் கவர்ச்சியான வேலை என்று எழுதியபின் விளம்பரம் தலைக்கு மேல் போய்விட்டது.

இனி பிழைக்கு வருவோம். எங்க ஊர்ப் பக்கம் ரப்பர் பாலில் எத்தனை சதம் ரப்பர் இருக்கிறது என்று பார்க்க, பாலை நன்றாகக் கலக்கிவிட்டுக் கொஞ்சம் எடுப்பார்கள். கலக்காமல் மேலாக ஒரு குடம் அள்ளினாலும் கணக்கு தப்பும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதும் பானை சீராக வெந்திருந்தால்தான். எவ்வளவு எடுத்தோம் என்பதைவிட எப்படி எடுத்தோம் என்பதே முக்கியம்.

இதற்குச் சமீபத்திய சாட்சி உண்டு. 2021-ல் அமெரிக்காவில் எத்தனை பேர் கோவிட் தடுப்பூசியின் முதல் டோஸ் போட்டார்கள் என்று மூன்று சர்வேக்கள் கணக்கிட்டன. ஃபேஸ்புக் வழியாக நடந்தது வாரம் சுமார் 2,50,000 பேரைக் கேட்டது. சென்சஸ் துறையின் சர்வே ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 75,000 பேரைக் கேட்டது. மூன்றாவது கேட்டது சுமார் 1,000 பேரை மட்டுமே. மே மாதத்தில் முதலாவது 17 சதவீதப் புள்ளிகளும் இரண்டாவது 14 புள்ளிகளும் கூடுதலாகக் காட்டின. ஆயிரம் பேர் சர்வேதான் உண்மைக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டரை லட்சம் பதில்கள், சரியாகக் குலுக்கி எடுத்த பத்துப் பேருக்குச் சமமான துல்லியத்தைத்தான் தரமுடிந்தது என்று அந்த வருஷம் டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த கட்டுரை கணக்குப் போட்டுக் காட்டியது. அதைவிட மோசம், டேட்டா பெரிதாக இருந்ததால் பிழை வரம்பு மிகச் சிறியதாகத் தெரிந்தது. தப்பான விடையை அவ்வளவு நம்பிக்கையோடு சொல்லியிருக்கிறார்கள்!

நம் நாட்டில் இதற்கு முன்னோடியான சண்டை 1940-களிலேயே நடந்தது. வங்காளத்தில் மகலனோபிஸ் குழு வயலில் சின்னச் சின்ன வட்டங்களைக் குறித்து, அதில் விளைந்ததை அறுத்து எடைபோட்டு விளைச்சலைக் கணித்தது. செலவு குறைவு, நிறைய இடங்களில் எடுக்கலாம். பி. வி. சுகாத்மே இதை எதிர்த்தார். வட்டத்தின் ஓரத்தில் நிற்கும் செடி உள்ளா வெளியா என்ற சந்தேகம் வந்தால், அறுப்பவர் கை அதை உள்ளே சேர்க்கத்தான் பார்க்கும். வட்டம் சின்னதானால் பரப்போடு ஒப்பிடும்போது ஓரம் அதிகம். 2 அடி ஆரமுள்ள வட்டத்தையும் 5 மீட்டர் சதுரத்தையும் ஒப்பிட்டால், ஒரு சதுர மீட்டருக்கு வரும் ஓரத்தின் நீளம் வட்டத்தில் நாலு மடங்கு. ஆக, விளைச்சல் கூடுதலாகவே தெரியும். எல்லா வட்டமும் ஒரே பக்கம் சாய்கிறபோது ஆயிரம் வட்டம் எடுத்தாலும் அந்தச் சாய்வு போகாது. சுகாத்மே வாதத்தோடு நிற்கவில்லை. வெவ்வேறு அளவில் அறுத்துப் பார்த்துக் காட்டினார்.

இது பழங்கதை அல்ல. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு பகுதியின் விளைச்சல், வரையறுத்த அளவுக்குக் கீழே போனால் இழப்பீடு. அந்த விளைச்சல் இதுவரை அறுவடைப் பரிசோதனைகள் மூலம் வந்தது. 2023 கரீப் பருவத்திலிருந்து நெல்லுக்கும் கோதுமைக்கும் செயற்கைக்கோள் படம், மாடல் ஆகியவற்றின் கணிப்புக்குக் குறைந்தது 30 சதவீத எடை தரும் ஏற்பாடு வந்திருக்கிறது. மாடல் விளைச்சலைக் கூட்டிச் சொன்னால் விவசாயிக்கு வரும் பணம் குறையலாம், வராமலே போகலாம். அந்த மாடலைப் பழக்குவதும் சரிபார்ப்பதும் அறுத்து எடைபோட்ட எண்களை வைத்துத்தான். அங்கே ஓரப் பிழை இருந்தால் மாடலும் அதை அப்படியே கற்றுக்கொள்ளும்.

நான் மாடலுக்கு எதிரி இல்லை. ஸ்பேம் வடிகட்டி தப்பு செய்தால் உடனே தெரிந்துவிடும், நாளைக்கே திருத்தலாம். விளைச்சல், வறுமை, வாக்கு போன்றவற்றில் உண்மை விடை உடனே கையில் கிடைக்காது, சிலவற்றில் கிடைக்கவே கிடைக்காது. புள்ளியியல்காரரின் சந்தேகம் பயன்படும் இடம் அதுதான்.

சுயவிளம்பரம் என்று பார்த்தால் மகலனோபிஸும் சும்மா இருந்தவர் இல்லை. 1931-ல் நிறுவனம் தொடங்கி, நேருவின் திட்டக்குழு வரை தன் துறையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆனால் தன் சர்வேக்களில் ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி, இரண்டு விடையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முறையையும் அவரே வைத்தார். தன் வேலையில் எவ்வளவு பிசகு என்று காட்டும் கருவியைத் தானே செய்தார்.

எனவே அடுத்த முறை யாராவது "பத்து லட்சம் ரெக்கார்டு, 95 சதவீதத் துல்லியம்" என்று சொன்னால் மூன்று கேள்வி போதும். இந்த டேட்டாவில் வராதவர்கள் யார்? துல்லியத்தை எந்த உண்மையோடு ஒப்பிட்டீர்கள்? தனியாக இன்னொரு குழு செய்து பார்த்ததா? இவற்றுக்குப் பதில் வைத்திருப்பவர் தன்னை எந்தப் பெயரில் அழைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.