கரையும் காப்பீடும்: மழைக்கு முன் கவனிக்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் விதை, உரம், கூலி எல்லாவற்றையும் விவசாயிகள் கணக்குப் பார்ப்பது வழக்கம். குளத்துக் கரையைக் கணக்கில் சேர்ப்பவர் குறைவு. கரை உடைந்தால் மற்ற கணக்கெல்லாம் ஒரே இரவில் போய்விடும்.

இதற்குத் திண்டுக்கல் சீமையிலேயே சான்று உண்டு. வேடசந்தூர் வட்டம் அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே கட்டப்பட்ட மண் அணை, 1977 வெள்ளத்தில் உடைந்தது. அதன் அஸ்திவாரம் பலமானது. உச்ச வெள்ள மட்டத்துக்கு மேலும் 2.5 மீட்டர் கரை உயர்த்தப்பட்டிருந்தது. ஆனால் வெள்ளம் வந்த நேரத்தில் மின்சாரம் நின்றுபோக, ஐந்து ஷட்டர்களையும் முழுமையாகத் தூக்க முடியவில்லை. ஜெனரேட்டர் வைத்தும், கையால் சுற்றியும் பலன் இல்லை. தண்ணீர் கரைமேல் வழிந்து, பின்சரிவை அரித்து, 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை பல இடங்களில் உடைப்பு எடுத்தது. அணை பிறகு மீண்டும் கட்டப்பட்டது.

கரையின் பலத்தை மட்டும் பார்த்தால் போதாது, தண்ணீர் வெளியேறும் வழி தக்க நேரத்தில் திறக்குமா என்றும் பார்க்க வேண்டும் என்பதே இதில் நாம் அறிய வேண்டியது. 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டப்படி, 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் குறிப்பிட்ட சிலவற்றையும் ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்ய வேண்டும். ஊர்க் குளங்களும் கண்மாய்களும் பெரும்பாலும் இந்தச் சட்டத்தில் அடங்குவதில்லை.

அமெரிக்காவில் வெள்ளத் தடுப்புக் கரைகளின் ஆய்வு, காப்பீட்டோடு இணைந்துள்ளது. நூற்றுக்கு ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளத்தைக் கரை தாங்கும் என்று சான்று இருக்க வேண்டும். சான்று போனால் அப்பகுதி அபாய வரைபடத்தில் சேரும். அங்கே அரசு உத்தரவாதமுள்ள கடனில் வீடு வாங்கியவர்கள் வெள்ளக் காப்பீடு எடுத்தே தீர வேண்டும். நம் நாட்டில் அத்தகைய கட்டாயம் இல்லை. கரை பலவீனமானது என்று நமக்கு எச்சரிக்கைச் சீட்டு வராது. ஆகவே இரண்டையும் விவசாயியே சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரையைப் பார்க்கும் முறை: ஊர்க்காரர் நாலைந்து பேர் கரை முழுதும் நடந்து பாருங்கள். எலி வளை, நண்டு வளை, வெடிப்பு, தாழ்ந்த இடம், கருவேல மர வேர், மடையோரக் கசிவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுகால் வழியில் முட்செடியோ ஆக்கிரமிப்போ இருக்கக் கூடாது. கசிவு நீர் தெளிவாக வந்தால் கண்காணிக்கலாம். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள், அபாயம். அதன் வாயை அடைக்காமல், சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி நீரைத் தேக்கி, உடனே அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். கண்ட குறைகளை நீர்வளத் துறைக்கோ ஊராட்சி ஒன்றியத்துக்கோ மனுவாகக் கொடுத்து, ரசீது பெறுவது நல்லது.

காப்பீடு: பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 முதல் நடக்கிறது. உணவு, எண்ணெய் வித்துப் பயிர்களுக்கு விவசாயி செலுத்தும் பிரீமியம், காப்பீட்டுத் தொகையில் காரீப் பருவத்துக்கு 2 சதவீதம், ரபிக்கு 1.5 சதவீதம். வணிக, தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 சதவீதம் வரை. 2020 முதல் கடன் வாங்கியவர்களுக்கும் இது கட்டாயம் இல்லை. வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து விலகலாம். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்துடன் கூட்டுறவுச் சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ கடைசி நாளுக்கு முன் பதிவு செய்யுங்கள்.

நீர் தேங்கிய சேதத்துக்குத் தனி வயல் கணக்கில் இழப்பீடு கோரும் வசதி, 2018-இல் நெல்லுக்கு நீக்கப்பட்டது. 2026 காரீப் முதல் அது மீண்டும் சேர்க்கப்படும் என்று 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. உங்கள் பயிருக்கும் ஊருக்கும் அது பொருந்துமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். சேதம் நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் தெரிவிக்க வேண்டும். வயலைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது உதவும்.

ஒன்று நினைவிருக்கட்டும். வேண்டுமென்றே செய்த சேதத்துக்கும், தடுத்திருக்கக்கூடிய சேதத்துக்கும் இத்திட்டத்தில் இழப்பீடு கிடையாது. தன் வயல் மூழ்குகிறதென்று இரவில் கரையை வெட்டிவிடுபவர், கீழ்ப்புறத்து விவசாயியின் பயிரோடு அவருடைய இழப்பீட்டையும் சிக்கலில் தள்ளுகிறார். காப்பீடு பணத்தைத் திருப்பித் தரலாம். அடித்துச் சென்ற வண்டல் மண்ணைத் தராது. ஆதலால் முதலில் கரை, அடுத்து காப்பீடு.