அருளும் மனிதச் செயலும்: கிறிஸ்தவ இறையியல் நோக்கு

யாவும் இறைவனின் ஆற்றலுக்கு உட்பட்டவை எனின், மனிதனின் செயலுக்கு வரலாற்றில் என்ன பெறுமதி உண்டு? இறைநம்பிக்கை கொண்ட எச்சமூகமும் எதிர்கொள்ளும் இவ்வினா, கிறிஸ்தவ இறையியலில் 'அருள்' எனும் கோட்பாட்டைச் சுற்றியே பெரிதும் விவாதிக்கப்பட்டு வந்துள்ளது.

மனிதன் தன் விருப்பாற்றலால் பாவத்தைத் தவிர்த்து வாழ இயலும் என ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியஸ் போதித்தார். வட ஆபிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக விளங்கிய அகஸ்தீன் (354–430) இதனை மறுத்தார். ஆதாமின் வீழ்ச்சியால் மனித விருப்பம் நோயுற்றது. அருள் முந்தி வந்து குணப்படுத்தினாலன்றி அது நன்மையை நாடாது என்பது அவரது நிலைப்பாடு. 418இல் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலாஜியஸின் போதனையைக் கண்டித்தது.

பதினாறாம் நூற்றாண்டில் இவ்விவாதம் மீண்டும் எழுந்தது. கீழ்ப்படியும் ஆற்றல் சிறிதும் இல்லாதவனுக்குக் கட்டளையிடுவதில் பொருள் என்ன என்று 1524இல் எராஸ்மஸ் வினவினார். மீட்பைப் பொறுத்தவரை மனித விருப்பம் கட்டுண்டதே என 1525இல் மார்ட்டின் லூதர் விடையளித்தார். ஆயினும் அவர் செயலைக் கைவிடச் சொல்லவில்லை. விசுவாசத்தால் மீட்படைந்தவனுக்குத் தன் மீட்பைச் சம்பாதிக்கும் கவலை இல்லை. ஆகவே அவன் கைம்மாறு கருதாது அயலானுக்குப் பணிபுரியச் சுதந்திரம் பெறுகிறான் என 1520இலேயே அவர் எழுதியிருந்தார்.

எனினும் அருள் எனும் கோட்பாடு செயலின்மைக்கு ஒரு சாக்காகவும் மாறக்கூடும். ஹிட்லரின் ஆட்சியில் ஜெர்மானியத் திருச்சபையினர் பலர் மௌனம் காத்தபோது, லூதரன் போதகரான டீட்ரிக் போன்ஹோபர் இவ்வாபத்தை இனங்கண்டார். கீழ்ப்படிதலைக் கோராத அருளை 'மலிவான அருள்' என 1937இல் வெளியான தமது நூலில் அவர் சாடினார். 1939இல் நியூயார்க்கில் பாதுகாப்பாகத் தங்கும் வாய்ப்புக் கிடைத்தும் சில வாரங்களிலேயே தாயகம் திரும்பி, ஹிட்லருக்கு எதிரான இரகசிய முயற்சியில் இணைந்தார். 1943இல் கைதானார், 1945 ஏப்ரல் 9ஆம் நாள் ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

சர்வாதிகாரியைக் கொல்லத் துணிவது பாவமற்றது என அவர் வாதிடவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. பொறுப்புடன் செயற்படுபவன் தன் நேர்மையைத் தானே நிரூபிக்க முயல்வதில்லை. குற்றத்தின் சுமையையும் ஏற்று, தீர்ப்பை இறைவனிடம் ஒப்படைக்கிறான் என்பதே அவரது கருத்து. அகஸ்தீனின் அருட்கோட்பாடு இங்கு மனிதச் செயலுக்குத் தடையாக நிற்கவில்லை, துணிவின் ஊற்றாகிறது. வரலாற்றின் முடிவு மனிதன் கையில் இல்லை. அவன்மீது சுமத்தப்பட்ட பொறுப்போ அவனுடையதே.