கிளைக்கதையும் காண்போர் கருத்தும்

ஒரு கதை மக்களிடையே செல்வாக்குப் பெற்றுவிட்டால் அது தன்னோடு நின்றுவிடுவதில்லை. மூலத்தில் ஓரமாக வந்துபோன ஒருவன் தனிக்கதைக்குத் தலைவனாகிறான். மூலத்தில் இல்லாத ஒருத்தி புதிதாகப் பிறந்து தலைவனுக்கு மாலையிடுகிறாள். வெற்றி பெற்ற படத்தின் உலகையும் மாந்தரையும் எடுத்துக்கொண்டு சின்னத்திரைக்கென வேறொரு கதை சொல்வதைக் கிளைத்தொடர் எனலாம். அறிவியல் புனைகதைப் படங்களுக்கு இத்தகைய தொடர்கள் மிகுதி. குடும்பக் கதையில் வீடும் தெருவும் நமக்கு முன்பே தெரிந்தவை. அறிவியல் புனைகதையிலோ ஊர், ஆட்சி, நாணயம், ஊர்தி யாவற்றையும் புதிதாகப் படைக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய உலகை மூன்று மணி நேரத்தில் முடித்துவிட எந்தத் தயாரிப்பாளருக்கும் மனம் வராது.

தமிழர்க்கு இவ்வகைக் கதைகள் புதியன அல்ல. வேற்றுக் கோளிலிருந்து வந்தவர்கள் நம் நாட்டுப் பெண்ணைக் கவர்ந்து செல்லும் 'கலை அரசி' 1963-லேயே வெளிவந்துவிட்டது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூரதர்சனில் தொடராக வந்தது. ஆயினும் படத்திலிருந்து கிளைத்த தொடர் என்று சுட்டிக்காட்ட ஏற்ற சான்று அண்மையில் தெலுங்கிலிருந்து வந்திருக்கிறது. நாக் அஸ்வின் இயக்கத்தில் 2024 ஜூன் 27 அன்று வெளியான 'கல்கி 2898 ஏ.டி.' என்னும் படத்தின் கிளையாகிய 'புஜ்ஜி அண்டு பைரவா' என்ற சித்திரத் தொடரே அது.

படத்தின் கதை மகாபாரதப் போரில் தொடங்குகிறது. சாவா வரம் என்னும் சாபம் பெற்ற அசுவத்தாமன் ஆறாயிரம் ஆண்டுகள் கழித்தும் உயிரோடிருக்கிறான். உலகில் எஞ்சிய நகரம் காசி. அதன் தலைக்குமேல் செல்வர் வாழும் பெரும் கட்டடம் ஒன்று கவிழ்த்த கூம்பாக நிற்கிறது. அதனுள் நுழையப் பணம் சேர்க்க அலையும் கூலி வேட்டையாளன் பைரவன். அவனுக்குத் துணை, பேசும் அறிவு படைத்த புஜ்ஜி என்னும் ஊர்தி. இவ்வூர்தியை மெய்யாகவே செய்து ஓட்டினார்கள். ஏறத்தாழ ஆறு டன் எடையுள்ள அதனை உருவாக்குவதில் மகிந்திரா நிறுவனத்தோடு கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் பங்கு கொண்டது. குரல் கொடுத்தவர் கீர்த்தி சுரேஷ். இதே இயக்குநரின் முந்தைய படத்தில் சாவித்திரியாக முகம் காட்டியவர், இதில் முகமின்றிக் குரலாக மட்டுமே நின்றார்.

இவ்விருவரும் எங்ஙனம் கூட்டாளிகளாயினர் என்பதே தொடரின் செய்தி. 'சோட்டா பீம்' தந்த கிரீன் கோல்டு நிறுவனத்தின் கைவண்ணம் அது. ஈண்டு வியப்பு என்னவெனில், தொடர் அமேசான் பிரைம் தளத்தில் மே 31 அன்றே வந்துவிட்டது. மரம் முளைக்க நான்கு வாரம் முன்பே கிளை முளைத்துவிட்டது!

அலங்காநல்லூரிலிருந்தும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் நம் துறைக்கு வரும் மாணவ மாணவியரிடம் இத்தொடரைப் பற்றிப் பேச நேர்ந்தபோது கருத்துகள் பலவாறு பிரிந்தன. சித்திரப்படம் என்றாலே சிறுவர்க்கு என்று ஒதுக்கியோர் உண்டு. படத்தில் பைரவன் வரும் முற்பகுதி தொய்வாக இருந்ததாகவும், தொடரைப் பார்த்த பின்னரே அவனுக்கும் ஊர்திக்கும் உள்ள உறவு விளங்கியதாகவும் சிலர் கூறினர். இதற்கு மறுமொழியாக ஒரு மாணவி எழுப்பிய வினாவே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று: "படத்தில் விளங்க வேண்டியதை வேறிடத்தில் போய் ஏன் விளங்கிக்கொள்ள வேண்டும் ஐயா? அதற்குத் தனியாகச் சந்தா கட்ட வேண்டுமே?"

இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. திரையரங்கில் சீட்டு வாங்கியவன் முழுக் கதைக்கு விலை கொடுத்ததாகவே எண்ணுகிறான். கதையின் ஒரு கூறு சந்தா கட்டியவர்க்கே திறக்கும் அறையில் வைக்கப்படுமாயின், காண்போர் இரு வகுப்பாகப் பிரிகின்றனர். காசியின் மேலே செல்வர் கட்டடமும் கீழே எளியோர் தெருவுமாகப் பிரிந்த உலகைக் காட்டும் படத்துக்கே இது நேர்ந்தது சற்று நகைப்புக்குரியதுதான்.

கிளைத்தொடரை மிகுதியும் வளர்த்த 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் வரலாற்றைப் பார்ப்போர்க்குக் காண்போர் கருத்தின் வன்மை புலனாகும். முதற்படம் 1977-இல் வந்தது. மறு ஆண்டு நவம்பர் 17 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சியொன்று ஒளிபரப்பாயிற்று. மயிரடர்ந்த வூக்கி இனத்துக் குடும்பம் ஒன்று உறுமலையே மொழியாகக் கொண்டு, எழுத்துவடிவ விளக்கமுமின்றி, நெடுநேரம் தமக்குள் உரையாடுவதை மக்கள் பார்க்க வேண்டியிருந்தது. அந்நிகழ்ச்சி மீண்டும் ஒளிபரப்பப்படவே இல்லை.

இதற்கு நேர்மாறானது அசோகாவின் கதை. 2008-இல் வந்த 'குளோன் வார்ஸ்' சித்திரப்படத்தில் இச்சிறுமி நாயகனுக்கு மாணவியாக அறிமுகமானாள். மூலப் படங்களில் இல்லாதவளை இடையில் நுழைத்தது ஏன் என்று ரசிகர் பலர் முகம் சுளித்தனர். துடுக்குப் பேச்சும் எரிச்சலூட்டிற்று. தொடரோ ஆண்டுக்கணக்கில் நீண்டது, சிறுமி வளர்ந்தாள், பிழையற்ற தன்னை ஐயுற்ற ஆசான்களை விட்டு வெளியேறினாள். வெறுத்தவர்களே அவளுக்காக வாதிடலாயினர். 2014-இல் நின்ற தொடர் ரசிகர் வேண்டுகோளுக்குப் பின் 2020-இல் இறுதிப் பகுதி கண்டது. 2023-இல் அவள் பெயராலேயே தனித்தொடர் வந்தது. முதல் நாள் கருத்து முடிந்த தீர்ப்பன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நாம் கண்டதில்லை.

முடிவு தெரிந்த கதையில் சுவை ஏது என்பது கிளைத்தொடரின்மேல் சொல்லப்படும் மற்றொரு குறை. 2022-இல் தொடங்கிய 'ஆண்டோர்' தொடரின் நாயகன் இறுதியில் மடிவான் என்பது 2016-இல் வந்த படத்தைப் பார்த்த எல்லோர்க்கும் தெரியும். ஆயினும் அத்தொடர் பெரிதும் போற்றப்பட்டது. நம் பகுதியினர்க்கு இது வியப்பாகத் தோன்றாது. வள்ளி திருமண நாடகத்தில் வள்ளி யாரை மணப்பாள் என்றறியாமல் எவரேனும் விடிய விடியக் கண்விழிக்கிறார்களா? நாரதரும் வள்ளியும் நிகழ்த்தும் தர்க்கத்திற்காகவே கூட்டம் அமர்ந்திருக்கிறது. அலங்காநல்லூர் வாடிவாசலிலும் பிடிபடாது ஓடி மறையும் காளையைவிடக் களத்தில் நின்று விளையாடும் காளைக்கே ஆரவாரம் மிகுதி.

கிளைக்கதையில் நம் முன்னோர் கைதேர்ந்தவர்கள். சிலம்பில் கோவலன் மகளாக வந்த மணிமேகலை தனிக்காப்பியத்தின் தலைவியானாள். உமறுப் புலவரின் சீறாப்புராணம் நபிகள் நாயகத்தின் வாழ்வு முழுமையும் பாடாது நின்றபோது, பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா' பாடி எஞ்சியதை நிறைவித்தார். மதுரைக்கே உரிய சான்று அல்லியரசாணி. வியாசர் பாரதத்தில் அப்பெயருடையாள் ஒருத்தி இல்லை. புகழேந்தியார் பெயரில் வழங்கும் அல்லியரசாணி மாலையோ அவளை மதுரையாளும் அரசியாக்கி அருச்சுனனையே அவள்முன் அலைக்கழிய வைக்கிறது. அவ்வுலகிலிருந்தே பவளக்கொடியும் கிளைத்தாள். அது நாடகமாகி, 1934-இல் தியாகராஜ பாகவதரின் முதற்படமும் ஆயிற்று. கிளைக்குள் கிளை!

அல்லிக்கும் புஜ்ஜிக்கும் மூலம் ஒன்றே, பாரதம். ஆனால் அல்லியைக் காணச் சந்தா வேண்டியதில்லை. ஊரார் வரி போட்டு நாடகம் வைத்தால் வரி கொடாதவனும் மந்தையில் அமர்ந்து பார்ப்பான். அன்றியும், அல்லி கதை கேட்போர் பாரதம் முழுதும் அறிந்திருக்க வேண்டியதில்லை. அது தன்னளவில் நிறைவுடையது. கிளைத்தொடரை மதிப்பிட நாம் மாணவர்க்குச் சொல்லும் அளவுகோல் இதுவே: மூலத்தை அறியாதவனும் சுவைக்கிறானா? கிளையை அறியாதவனுக்கு மூலம் குறைபடாமல் நிற்கிறதா? 'புஜ்ஜி அண்டு பைரவா' முதல் வினாவிற்கு ஓரளவு தேறுகிறது. அதனை ஒருவன் தனியே பார்த்து மகிழலாம். இரண்டாவதில் குறை தொடரினுடையதன்று, படத்தினுடையது. பைரவன்மீது நமக்குப் பற்று உண்டாக்கும் பொறுப்பைப் படம் தொடரிடம் ஒப்படைத்துவிட்டது என்பதே நம் கணிப்பு.

நம் மாணவர் அனைவரும் இதனை ஏற்கவில்லை. பைரவன் தன்னலக்காரனாகவே தோன்ற வேண்டும், அப்போதுதான் இறுதியில் அவன் கர்ணன் எனத் தெரியும்போது அதிர்ச்சி மிகும் என்று ஒருவர் வாதிட்டார். வினா எழுப்பிய மாணவியோ, கர்ணனை நம் ஊர்க்காரர்க்கு எவரும் அறிமுகம் செய்யத் தேவையில்லை, புஜ்ஜியைத்தான் செய்ய வேண்டும் என்றார்.