குளவி வேடம் பூண்ட ஈ

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூரு லால்பாக்கில் சாமந்திப் பாத்தியருகே நாங்கள் நின்றிருந்தோம். மஞ்சளும் கருப்புமாய் வரியோடிய சிறு பூச்சியொன்று எங்கள் முகத்துக்கு நேரே வந்து அந்தரத்தில் நின்றது. குளவி என்றெண்ணிய நண்பர் கையிலிருந்த செய்தித்தாளைச் சுருட்டி ஓங்கினார். பூச்சி நொடியில் விலகி, மீண்டும் அதே இடத்தில் வந்து அசையாது நின்றது. அந்த நிலைதான் எங்களுக்கு ஐயத்தை எழுப்பியது.

அது குளவியன்று, சிர்பிட் ஈ. பூக்களின் தேனையும் மகரந்தத்தையும் உண்டு வாழும் இதற்குக் கொடுக்கே கிடையாது. குளவியிடம் ஒருமுறை கொட்டுப்பட்ட பறவை, அதன் சாயல் கொண்ட இதனையும் தீண்டத் தயங்கும். அதுவே இதற்குக் காப்பு. அமேசான் காடுகளில் 11 ஆண்டுகள் அலைந்த ஹென்றி வால்டர் பேட்ஸ், வண்ணத்துப்பூச்சிகளிடம் கண்ட இத்தகைய போலித் தோற்றத்தை 1862இல் விளக்கினார். இந்த ஈக்களுள் சில, கையில் பிடித்தால் கொட்டுவதுபோல் வயிற்றை வளைத்தும் காட்டும்!

பணம் பெறும் இடத்தில் நாங்கள் நிறத்தை மட்டும் கண்டு ரூபாய்த் தாளை ஏற்பதில்லை. நீர்க்குறியையும் பாதுகாப்பு இழையையும் பார்க்கிறோம். இங்கும் வரிகளை நம்பலாகாது. குளவிக்குச் சிறகுகள் நான்கு, ஈக்கு இரண்டே. ஆயினும் குளவியின் முன்சிறகும் பின்சிறகும் நுண்ணிய கொக்கிகளால் பிணைந்திருப்பதால், எண்ணிப் பார்ப்பது எளிதன்று. முகத்தை நோக்குவதே நலம். ஈயின் தலையைப் பெருங்கண்கள் நிறைத்திருக்கும். உணர்கொம்புகள் மிகக் குட்டையானவை. குளவிக்கோ அவை நீண்டு துருத்தி நிற்கும், இடையும் மெலிந்திருக்கும். ஐயம் தீராவிடில் கையை ஓங்காமல் விலகிவிடுவதே தக்கது. உண்மைக் குளவியின் கொட்டு சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதையெல்லாம் அறிந்தபின் நண்பர் சற்று நேரம் பேசவில்லை. தம் மாடித்தோட்டத்து அவரைக்கொடியில் அசுவினி மொய்த்தபோது, அவற்றினிடையே ஊர்ந்த பச்சைப் புழுக்களையும் சேர்த்து மருந்தடித்துக் கொன்றதாகப் பின்னர் கூறினார். காலற்று, சிற்றட்டைபோல் ஊர்ந்த அவை பெரும்பாலும் இந்த ஈயின் புழுக்களாகவே இருந்திருக்கும். அத்தகைய புழுவொன்று வளர்ந்து கூட்டுப்புழுவாவதற்குள் சில நூறு அசுவினிகளைத் தின்றுவிடும். இவ்வாறு பயிருக்குத் துணைநிற்கும் பூச்சிகளையும் ஆராய்வதற்காகப் பெங்களூரு ஹெப்பாளத்தில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இயங்குகிறது.

இப்போது நண்பர் அசுவினியைக் கண்டால் தண்ணீரைப் பீய்ச்சுவதோடு சரி. அதுவும் இலையைத் திருப்பிப் பார்த்த பிறகே. சென்ற வாரம் அவர் எங்களுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். அசுவினிக் கூட்டத்தின் நடுவே, அரிசிமணியின் வடிவில், அதனினும் மிகச் சிறியதாய் ஒரு வெள்ளை முட்டை.